தறிக்குழியும் சுக்குக் கசாயமும்

ஆரணி என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1751-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கிளைவ் நடத்திய சண்டையும், 1782-இல் ஐதர் அலியின் சேனையோடு ஐர் கூட் மோதிய களமும் ஞாபகத்துக்கு வரும். அரிசி மண்டிக்காரர்களுக்குப் பக்கத்துக் களம்பூரின் பொன்னி அரிசி நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கெல்லாம் ஆரணி என்றால் பட்டுத்தான். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் கமண்டல நாகநதியின் கரையில், வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்த ஊரின் நெசவுத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து போகிறவன், வெயில் ஏறுவதற்கு முன்னே தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்து, அதன் இரு பக்கமும் நின்று இழை இழையாகப் பிரித்துச் சரிபார்க்கும் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே, பாவுக்குத் தடவிய கஞ்சியின் வாசனையையும் ஏதோ ஒரு வீட்டு அடுப்பில் கொதிக்கும் சுக்கின் காரமான ஆவியையும் ஒன்றாகச் சுவாசிக்க நேரும். முதலாவது வாசனையைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

நெசவாளரின் வயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழித்தறியில் நெய்கிறவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகிறார். நெய்து முடிந்த சேலையைச் சுற்றிக்கொள்ளும் மரம் அவருடைய மடிக்கு மேலே, வயிற்றை ஒட்டினாற்போலக் குறுக்கே கிடக்கிறது. அறுந்த இழையை முடியவும் ஜரிகைப் பூவின் கணக்கைப் பார்க்கவும் அவர் ஓயாமல் முன்னால் குனிய வேண்டியிருக்கிறது. கைகளுக்கும் கால்களுக்கும் உழைப்பு உண்டே தவிர இடுப்புக்கும் வயிற்றுக்கும் அசைவு மிகக் குறைவு. போதாக்குறைக்கு, நாள் முடிவதற்குள் இத்தனை முழம் இறங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில், பசித்த வேளைக்குச் சாப்பிடாமல் பாவில் ஓர் இடம் வந்து நின்ற வேளைக்குச் சாப்பிடுவதும், சாப்பிட்ட கை ஈரம் உலர்வதற்குள் மறுபடி குழிக்குள் இறங்கிக் குனிவதும் அவர்களுக்கு வழக்கமாகிவிடுகின்றன. நிறைந்த இரைப்பையை இவ்விதம் மடித்து அழுத்தினால் உள்ளிருக்கும் புளிப்பு நீர் மேல்நோக்கி உணவுக் குழாய்க்கு ஏறி நெஞ்சைக் கரிக்கும் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய வைத்திய சாஸ்திரம் வேண்டியதில்லை. ஆபீஸில் மேஜை முன் குனிந்து கணக்கெழுதுகிறவரின் நிலைமையும் இதுவேதான். ஆயினும் அவருக்கு எதிரே ஒரு மரம் குறுக்கே கிடப்பதில்லை.

இந்த உபாதைகளுக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர்கள் பல. உப்புசம், பொருமல், மந்தம், புளித்த ஏப்பம், நெஞ்சுக் கரிப்பு, வாயு என்று முன்னோர் தனித்தனியே பகுத்துச் சொன்னவற்றையெல்லாம் இப்போது 'கேஸ்' என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிட்டோம். இது பாஷைக்கு மட்டும் நேர்ந்த நஷ்டமன்று. மந்தம் என்றால் உணவு இறங்காமல் கனத்துக் கிடப்பது. கரிப்பு என்றால் புளிப்பு மேலேறி எரிப்பது. முதலாவதற்கு அனுகூலமான மிளகும் சுக்கும் இரண்டாவதற்குப் பிரதிகூலமாகக்கூடும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கசாயத்தைக் குடிக்கிறார்கள். கசாயத்தின் மேல் வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் உற்பத்தியாகிறது.

ஜீரணத்தைப் பற்றித் தமிழர் கொண்டிருந்த சிந்தனை பழைமையானது. திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் 'மருந்து' என்று பெயர் பெற்றிருந்தும், அதில் ஒரு மூலிகையின் பெயரோ ஒரு சூரணத்தின் செய்முறையோ கிடையாது. முன் உண்டது அற்றுப்போயிற்றா என்று அறிந்து, பசித்தபின் அளவாக உண்கிறவனுக்கு மருந்தே வேண்டாம் என்பதுதான் அதன் முக்கியமான உபதேசம். அதே பதினெண்கீழ்க்கணக்கு வரிசையில் நல்லாதனார் இயற்றிய நூலுக்குத் திரிகடுகம் என்று பெயர். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்று காரங்களும் சேர்ந்து உடற்பிணி தீர்ப்பதுபோல ஒவ்வொரு வெண்பாவிலும் சொல்லப்படும் மூன்று கருத்துகள் மனப்பிணி தீர்க்கும் என்பது அப்பெயரின் காரணம். நீதி நூலுக்கு உவமையாக எடுத்தாளும் அளவுக்கு அந்த மூன்று சரக்கும் அன்றைக்கே வீடுதோறும் தெரிந்திருந்தன என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலிதான் கிரேக்கர் வாயில் நுழைந்து, பின்னர் ஐரோப்பிய பாஷைகளில் மிளகுக்கே பெயராகிவிட்டது. இஞ்சிக்கு அவர்கள் வழங்கும் பெயரும் நம் 'இஞ்சிவேர்' என்ற சொல்லின் வழிவந்தது என்பது மொழிநூலார் பலருடைய கொள்கை. சீரகம் என்பதற்குச் 'சீர் அகம்', அதாவது உள்ளுறுப்புகளைச் சீராக்குவது என்று பதம் பிரித்து மகிழ்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அது ஜீரகம் என்ற வடசொல்லின் தமிழ் உருவம்தான். இருந்தாலும் அந்தப் பதப்பிரிவைக் கண்டுபிடித்தவர் சீரக நீரைக் குடித்து நன்மை கண்டவராகவே இருக்க வேண்டும்.

நம் வைத்தியர்கள் ஜீரணத்தை அக்கினி என்றார்கள். வயிற்றில் தீ எரிகிறது, அது மந்தித்தால் மந்தாக்கினி, அதைத் தூண்டுவது தீபனம். 1822-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்கு வயிற்றில் குண்டடி பட்டு, அந்தக் காயம் மூடாமல் ஜன்னல்போல் நின்றுவிட, வில்லியம் போமான்ட் என்ற ராணுவ வைத்தியர் அதன் வழியாக உணவுத் துண்டுகளை நூலில் கட்டி உள்ளே விட்டும் வெளியே எடுத்தும் பரீட்சித்து, இரைப்பையில் நடப்பது ஒரு புளிப்பு நீரின் ரசாயன வேலை என்று 1833-இல் புஸ்தகம் வெளியிட்டார். தீயென்று நாம் சொன்னது நீராக முடிந்தது. ஆனாலும் தூண்டலாம், அணைத்தும் விடலாம் என்ற பழைய உவமையின் உட்பொருள் அதனால் கெட்டுப்போகவில்லை.

இடையில் காப்பியும் தேயிலையும் வந்தன. 1903-ஆம் ஆண்டில் தேயிலைக்கென்று தனியாக ஒரு தீர்வைச் சட்டம் இயற்றி, அந்தப் பணத்தைக் கொண்டே தேயிலைப் பிரசாரம் நடத்திய காலத்திலிருந்து ஊர் ஊராகப் பரவிய பழக்கம், இன்று தறிக்காரர் ஒருவர் ஒரு நாளில் ஐந்தாறு முறை பாலும் சர்க்கரையும் சேர்த்த டீயைப் பசிக்கும் சோற்றுக்கும் பதிலாகக் குடிக்கும் நிலைமைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், காப்பி வருவதற்கு வெகுகாலம் முந்தியே இருந்த சுக்கு மல்லிக் கசாயம், காப்பி வந்த பிறகு 'சுக்குக் காப்பி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதில் காப்பிக் கொட்டை ஒன்றுகூட இல்லை. இப்போது பட்டணத்துக் கடைகளில் அதே சரக்கைத் துணிப்பொட்டலத்தில் கட்டி 'ஹெர்பல் டீ' என்று விற்கிறார்கள். அதில் தேயிலையும் இல்லை. வந்த விருந்தாளிகளின் பெயரையெல்லாம் மாறி மாறிச் சூட்டிக்கொண்டு, வீட்டுக்காரர் தம்முடைய சொந்தப் பெயரை மறந்துவிட்டார்.

நான் அந்தச் சொந்தப் பெயரையும் பக்குவத்தையும் ஆரணியில்தான் சரியாகக் கற்றேன். பந்துவின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன நான், போகும் வழியில் ஆற்காட்டில் ஒரு விருந்தில் பிரியாணியை அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டிருந்தேன், குற்றம் பிரியாணியினுடையதன்று. நெசவாளர் வீட்டுத் திண்ணையில் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே நான் இரண்டு தடவை நெஞ்சைத் தடவிக்கொண்டதைக் கவனித்துவிட்ட அவருடைய தாயார், "வவுறு மந்தமா இருக்குதா சார்? செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே நானும் சமையலறை வாசல்வரை போய் நின்றேன்.

அந்த அம்மாள் கட்டைவிரலின் ஒரு கணு அளவுள்ள சுக்கை எடுத்து, கத்தியால் மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, சின்ன இரும்பு உரலில் போட்டு நாலு இடி இடித்தார். சுக்கின் புறத்தோலும் கடுக்காயின் உள்விதையும் ஆகாதவை என்று வைத்தியர்கள் சொல்லிவரும் எச்சரிக்கை அவருக்கு விரலில் படிந்திருந்தது. வெண்மைக்காகவும் பூச்சி அரிக்காமல் இருக்கவும் சுக்கின் மேல் சுண்ணாம்பு ஏற்றி விற்கும் வியாபார வழக்கத்தைப் பார்த்தால், தோலைச் சுரண்டுவதற்கு இன்றைக்கும் நியாயம் இருக்கிறது. ஆறு மிளகும் அதே உரலில் நொறுங்கின. மூன்று டம்ளர் தண்ணீரில் இவ்விரண்டும் விழுந்து, சிறு தீயில் கொதித்து இரண்டு டம்ளராகச் சுண்டும்வரை அவர் வேறொன்றையும் சேர்க்கவில்லை. தண்ணீர் பழுப்பாகிக் காரம் மூக்கில் ஏறியபோது, வெறும் சட்டியில் இலேசாக வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டிய தனியாவில் இரண்டு சிட்டிகைக்கு மேலாகவே போட்டு, ஒரே ஒரு கொதி வந்ததும் பாத்திரத்தை இறக்கினார். இறக்கிய பிறகுதான், உள்ளங்கையில் வைத்துக் கசக்கிய அரைக் கரண்டி சீரகமும் அதே அளவு சோம்பும் உள்ளே போயின. உடனே தட்டைக் கவிழ்த்து மூடி, அதன்மேல் ஒரு சொம்பையும் தூக்கி வைத்துவிட்டார்.

சீரகத்தையும் கூடவே கொதிக்கவிடலாமே என்று நான் கேட்டேன்.

"கொதிக்கறப்பவே சீரகத்தப் போட்டா, வாசன ஊட்டுக்குத்தான் சார். வவுத்துக்கு இல்ல" என்றார் அந்த அம்மாள்.

ஊர் திரும்பிய பின் புஸ்தகங்களைப் புரட்டியபோது, இந்த ஒரு வாக்கியத்துக்கு வியாக்கியானமாகவே பல பக்கங்கள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். சுக்கின் காரத்துக்குக் காரணமான வஸ்துக்கள் எளிதில் ஆவியாகிறவை அல்ல. பச்சை இஞ்சியில் ஜிஞ்செரால் என்ற பெயரில் இருப்பவை, இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது நீர் நீங்கி ஷோகால் என்னும் இன்னும் உறைப்பான பொருளாக மாறுகின்றன. இஞ்சிக்கு ஜப்பானியர் வழங்கும் 'ஷோகா' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மிளகின் பைப்பெரினும் அப்படித்தான், கொதிக்கக் கொதிக்கத்தான் தண்ணீரில் சிறிதளவாவது இறங்கும். ஆனால் சீரகத்தின் மணம், சோம்பின் அனெதோல், தனியாவின் லினலூல் ஆகிய இவையெல்லாம் வாசனைத் தைலங்கள்; வாயுவைக் கலைத்து வயிற்றின் இறுக்கத்தைத் தளர்த்தும் குணம் இந்தத் தைலங்களுக்கே உரியது; திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரம் கொதித்தால் அவை ஆவியோடு ஆவியாகக் கூரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேரையும் காரத்தையும் காய்ச்ச வேண்டும். விதையையும் மணத்தையும் ஊறவைக்க வேண்டும். காய்ச்சுகிற குடிநீர், வெந்நீரில் இடுகிற ஊறல் என்று நம் மருத்துவ நூல்கள் இரண்டாகப் பிரித்தது இக்காரணத்தை உத்தேசித்துத்தான். ஆரணியில் நான் கண்டது இரண்டையும் ஒரே பாத்திரத்தில், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் சாமர்த்தியம். தயாராக விற்கும் பொடிகளில் எல்லாச் சரக்கையும் ஒன்றாக அரைத்து, ஒன்றாகக் கொதிக்கவைக்கும்படி உறையின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். அரைத்து மாதக்கணக்கில் கடையில் கிடந்த சோம்பில் மணம் என்ன மிச்சமிருக்கும் என்பதைப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

ஓமத்தை அந்த அம்மாள் அன்று சேர்க்கவில்லை. கேட்டதற்கு, அது குழந்தைகளுக்கும் வயிற்றுவலிக்கும் என்றார். ஓமத்தின் உயிர்நாடி தைமால் என்ற பொருள். முதல் உலக யுத்தத்துக்கு முன் ஜெர்மானியர் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஓமத்தை வாங்கிக்கொண்டு போய்த் தைமாலைப் பிரித்தெடுத்து, உலகத்துக்கெல்லாம் விற்றுவந்தார்கள். 1851-இல் இங்கிலாந்தில் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் தயாரித்த கிரைப் வாட்டர் நம் வீட்டுத் தொட்டில்களுக்கு வந்து சேர்ந்த கதையும் இதோடு சம்பந்தப்பட்டதே: அதில் இருந்த விதை சதகுப்பை, சோம்புக்கு நெருங்கிய பந்து, ஆரம்ப காலத்தில் சாராயமும் கலந்திருந்தது. ஓமத் தண்ணீர் கொடுத்துவந்த பாட்டிமார்களை நாகரிகமற்றவர்கள் என்று எண்ணியவர்கள், சாராயம் கலந்த சீசையை மனமுவந்து வாங்கினார்கள்.

இனி, இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா என்ற கேள்வி. இஞ்சியைப் பொறுத்தவரையில் விடை சுவாரஸ்யமானது. 2008-ஆம் ஆண்டில் தைவானிய ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமுள்ள 24 பேருக்கு 1.2 கிராம் இஞ்சியைக் கொடுத்து, பின்னர் சூப்பு குடிக்கவைத்து அளந்து பார்த்ததில், இரைப்பையிலிருந்து அதில் பாதி இறங்குவதற்கு இஞ்சி இல்லாதபோது ஏறத்தாழ 27 நிமிஷம் ஆனது, இஞ்சியோடு 13 நிமிஷத்திலேயே முடிந்துவிட்டது. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் சுக்குக்கு ஒரு பிரசஸ்தி பாடிவிடலாம். ஆனால் நாட்பட்ட அஜீரணத்தால் கஷ்டப்படும் 11 பேரை வைத்து 2011-இல் அதே பரீட்சையைச் செய்தபோது, உணவு இறங்கும் நேரம் 16 நிமிஷத்திலிருந்து 12 நிமிஷத்துக்குக் குறைந்ததே தவிர, அவர்கள் முறையிட்ட உபாதைகளில் குறிப்பிடத்தக்க குணம் காணவில்லை. ஆள் தொகை சிறியதுதான். ஆயினும் வயிறு காலியாவது வேறு, வயிற்று நோய் தீருவது வேறு என்ற பேதத்தை இவ்விரண்டு பரீட்சைகளும் எடுத்துக்காட்டுகின்றன. விருந்துண்டு மந்தித்தவனுக்குச் சுக்கு உதவும். மாதக்கணக்காக வயிறு சரியில்லாதவனுக்குச் சுக்கு மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். அந்த அம்மாள் போட்ட சுக்கு இரண்டு பேருக்கு மூன்று கிராம் இருக்கலாம். அதாவது ஆளுக்கு ஒன்றரைக் கிராம், பரீட்சைக்காரர்களின் அளவை விடச் சற்றே அதிகம்.

குன்மம் என்று நம் நூல்கள் கூறும் வயிற்றுப் புண் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதில் பெரும்பாலானதற்கு ஒரு கிருமி காரணம் என்று நிரூபித்த பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற ஆஸ்திரேலியர் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியை ஒழிக்கும் மருந்து இருக்கும்போது, புண்ணின்மேல் மிளகுக் கசாயத்தை ஊற்றிக்கொண்டிருப்பது வைத்தியமாகாது. நெஞ்சுக் கரிப்புள்ளவர்கள் மிளகை நீக்கி, சுக்கைப் பாதியாக்கி, சீரகமும் சோம்புமாகக் குடிப்பது உத்தமம்; புதினா குளிர்ச்சி என்று நினைத்து அதைச் சேர்த்தால், உணவுக் குழாயின் கீழ்வாயில் தளர்ந்து எரிச்சல் அதிகமாகவே ஆகும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சுக்கைத் தினசரி பழக்கமாக்குவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். மலம் கறுத்துப் போனாலும், காரணமின்றி உடல் இளைத்தாலும், விழுங்குவதில் தடை ஏற்பட்டாலும் அடுப்படியில் அதற்குப் பரிகாரம் தேடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நெஞ்சில் பாரமும் வியர்வையும் இடது கையில் வலியும் வந்தபோது 'வாயுதான்' என்று சமாதானம் சொல்லிச் சுக்கு இடிக்க உட்கார்ந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் அநேகம்; அந்த நேரத்தில் வேண்டியது கசாயமன்று, வாகனம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஆரணித் தெருவில் நான் பார்த்த இன்னொன்றைச் சொல்லாவிட்டால் விஷயம் பூர்த்தியாகாது. மூடிய பாத்திரம் ஏழெட்டு நிமிஷம் அப்படியே இருந்தது. அந்த இடைவேளையில் அம்மாள் மகனைக் குரல் கொடுத்துத் தறியிலிருந்து எழுப்பினார். அவர் நாடாவை வைத்துவிட்டு, குழியின் இரு ஓரத்திலும் கையை ஊன்றி எழுந்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு தெருக்கோடி வேப்பமரம் வரையில் போய்த் திரும்பி வந்தார். அதற்குள் கசாயம் வடிகட்டி, நெல்லிக்காய் அளவு பனைவெல்லம் கரைத்து ஆயத்தமாக இருந்தது. கையில் கொண்டுவந்து கொடுத்தால் குழிக்குள் உட்கார்ந்தபடியே குடித்துவிடுவார் என்றும், ஆகையால் தறியண்டை கொடுப்பதே இல்லை என்றும் அம்மாள் என்னிடம் சொன்னார். சாப்பிட்டபின் நடக்கிற அந்த நூறடி, மடித்து அழுத்திய வயிற்றை விடுவித்து நிமிர்த்துகிற அந்தச் சில நிமிஷங்கள், சுக்குக்குச் சமமான வேலையைச் செய்திருக்க வேண்டும். அதில் எத்தனை பங்கு சுக்கினுடையது, எத்தனை பங்கு நடையினுடையது என்று பிரித்துச் சொல்ல எந்தத் தராசும் என்னிடம் இல்லை; நானும் அவரோடு வேப்பமரம் வரையில் போய் வந்திருந்தேன், எனக்கும் மந்தம் கலைந்திருந்தது.

பாத்திரத்தின் அடியில் அரை டம்ளர் மிஞ்சிற்று. பஸ்ஸில் குடித்துக்கொள்ளலாமே என்று சீசாவை நீட்டினேன். குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம், என்று சித்த வைத்திய நூல்கள் வரையறுத்திருப்பதை அந்த அம்மாள் படித்திருக்க நியாயமில்லை. "வேலூர் போறதுக்குள்ள ஆறிப்பூடும் சார், ஆறினத நாங்க குடிக்கறதில்ல" என்று சொல்லி, மிச்சத்தை முற்றத்துக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். உள்ளே தறி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.